அரை அங்குலம்

மணிலாவுக்குக் கூடைப்பந்து ஆட வருகிற அமெரிக்கன் முதலில் குள்ளமாக வேண்டும்.

அவன் ஊரில் வழக்கம் நேர் எதிர். வேலை தேடும்போது ஷூவோடு அளந்து, அதன் மேல் இன்னும் ஓர் அங்குலம் கூட்டிச் சொல்வார்கள். மணிலாவில் லீக் விதி ஆறடி ஐந்து அங்குலத்தில் கோடு போட்டிருந்தது. ஓர் அணிக்கு ஒரே ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரன். அவன் அந்தக் கோட்டுக்கு மயிரிழை மேலே நின்றாலும் அடுத்த விமானத்தில் திரும்ப வேண்டியதுதான். அதனால் எல்லா அணிகளும் கோட்டுக்குச் சற்று மேலே இருப்பவனாகத் தேடிப் பிடித்து வந்து, அளக்கிற நாளன்று மட்டும் கோட்டுக்குக் கீழே இறக்கின. இதில் யாரும் கூச்சப்பட்டதில்லை. வருகிறவனை ‘இறக்குமதி’ என்றே சொன்னார்கள். துறைமுகத்தில் வந்து இறங்கும் கோதுமைக்கும் அதே சொல்தான்.

தலிசாய் மத்தி அணி அந்த வருடம் கொண்டுவந்த இறக்குமதியின் பெயர் டெல்ரிக். மிசிசிப்பிக்காரன். டப்பாவில் அடைத்த மத்தி மீன் விற்கிற கம்பெனியின் அணி அது. பயிற்சிக் கூடம் மந்தாலுயோங்கில், கம்பெனிக் கிடங்குக்குப் பின்னால் இருந்தது. உள்ளே வந்ததும் டெல்ரிக் மூக்கைச் சுளித்தான். காற்றில் உப்பும் மீனும் இருந்தன. அவனைச் சுவரோரம் நிறுத்தி அளந்தார்கள். ஆறடி ஐந்தரை.

அரை அங்குலம் அதிகம்.

கோச் உபால்டோ அணித்தலைவன் சித்ரோவின் பக்கம் திரும்பினார். உனக்குத்தான் நல்ல இங்கிலீஷ் வரும், நீயே இறக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

சித்ரோவுக்கு முப்பத்தாறு வயது. பதினைந்து சீசன் ஆடியவன். மூன்று முறை இறுதிச் சுற்றில் தோற்றிருந்தான். மூன்று முறையும் ஜெயித்தவர்களின் கையைக் குலுக்கிவிட்டுக் குளிக்கப் போனான். முழங்கால் இரண்டிலும் கத்தி பட்டாகிவிட்டது. இந்த சீசனோடு சரி என்று கம்பெனியிலும் சொல்லிவிட்டார்கள். கோப்பை வாங்காமலே ஓய்வு பெற்றவர்களை அவன் கல்யாண வீடுகளில் பார்த்திருக்கிறான். அறிமுகப்படுத்துகிறவர் பெயரைச் சொல்லிவிட்டு ஒரு கணம் தடுமாறுவார். அடுத்து என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியாது. சித்ரோவுக்கு அந்த ஒரு கணம்தான் பயம்.

அணியிலேயே குட்டையானவனுக்கு பிக்பாய் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவன் சித்ரோவை விடுவதே இல்லை. “அண்ணே, நீங்க இதுவரைக்கும் கையில பிடிச்ச கோப்பை கிறிஸ்துமஸ் பார்ட்டியில ஜூஸ் குடிச்சீங்களே, அது ஒண்ணுதானே?” என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். சித்ரோவும் சேர்ந்து சிரிப்பான்.

உயரத்தைக் குறைப்பது எல்லா அணிகளும் அறிந்த வித்தை. அளப்பதற்கு முந்தின இரவு தூங்க விடக்கூடாது. உட்காரவும் விடக்கூடாது. தோளில் எடைக்கம்பியை வைத்து நடக்க விட வேண்டும். நடுநடுவே பெஞ்சின் மேல் ஏற்றி, முழங்காலை மடக்காமல் தரையில் குதிக்கச் சொல்ல வேண்டும். தலையை மழித்துவிட வேண்டும். இதெல்லாம் எதற்கு என்று அணியின் பிசியோதெரபிஸ்ட் அனலின் டெல்ரிக்குக்கு விளக்கினாள். முதுகெலும்புகளுக்கு நடுவே டிஸ்க் என்று ஜவ்வுபோல ஒன்று இருக்கிறது. அதில் பெரும்பகுதி தண்ணீர். நிற்கும்போது பாரம் அழுத்தித் தண்ணீர் வெளியே போகும். படுத்தால் திரும்ப ஊறும். அதனால் எல்லா மனிதரும் காலையில் உயரம், சாயங்காலம் குட்டை. அவள் மெல்லிய குரலில் பேசுகிறவள். பேசும்போது முகத்தைப் பார்க்காமல் முதுகைப் பார்ப்பாள்.

“எங்கம்மா என்னை இவ்வளவு வளர்க்க இருபது வருஷம் பாடுபட்டா,” என்றான் டெல்ரிக். “நீங்க ஒரே ராத்திரியில இறக்கிடுவீங்களா?”

சித்ரோ விடியும்வரை அவனோடு கூடவே நடந்தான். டெல்ரிக் தன் கதையைச் சொன்னான். துருக்கியில் ஆடியிருக்கிறான், வெனிசுவேலாவில் ஆடியிருக்கிறான். போன வருடம் எங்கிருந்தும் அழைப்பு வரவில்லை. மாமனார் கடையில் லாரி டயர் மாற்றிக்கொண்டிருந்தான். மகளுக்கு ஆறு வயது. அப்பா மறுபடியும் பந்தாடப் போகிறார் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாளாம். தோளில் கம்பியோடு அவன் தேவாலயப் பாட்டுகள் பாடினான். சித்ரோவுக்கு அவனைப் பிடித்துப் போயிற்று.

மறுநாள் பிற்பகல் லீக் அலுவலகத்தில், சுவரில் அடித்த பலகையில் முதுகை ஒட்டி நின்றான் டெல்ரிக். மேலிருந்து மரக்கட்டையை மெதுவாக இறக்கினார் அதிகாரி. கட்டை மழித்த மண்டையில் தட்டி நின்றது. அதிகாரி குனிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். கோட்டுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தாள் நுழையும். சரி என்று தலையசைத்தார். டெல்ரிக் அங்கேயே தரையில் படுத்துத் தூங்கிப்போனான். பிக்பாய் அவன் நெஞ்சில் ஒரு மத்தி டப்பாவை வைத்துப் படம் எடுத்துக்கொண்டான்.

சீசன் தோல்வியில் தொடங்கியது. முதல் ஆட்டம் தோற்றார்கள். அடுத்ததும், அதற்கடுத்ததும் தோற்றார்கள். கியூபாவோ அரங்கத்தில் மேல் வரிசைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, டப்பா மீன் கெட்டுப்போச்சு என்று கத்தினார்கள். நாலாவது ஆட்டத்தன்று முன் வரிசையில் ஓர் உயரமான கறுப்பு இளைஞன், இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்தான். அவனைப் பார்த்துக் கூட்டம் கைதட்டியது.

உடற்சூடு ஏற்றிக்கொண்டிருந்த டெல்ரிக் அவன் யார் என்று கோச்சைக் கேட்டான். கம்பெனிக்கு வேண்டியவர் என்றார் கோச். மேலாளரைக் கேட்டான். சுற்றுலா வந்தவராம். எல்லாரும் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் சித்ரோவிடம் வந்தான்.

“உன் இடத்துக்கு வந்தவன்,” என்றான் சித்ரோ. “நேத்து வந்துட்டான். இன்னிக்கு நாம தோத்தா உன் பெட்டியை நாளைக்கு வேன்ல ஏத்திடுவாங்க. இங்க இதுதான் வழக்கம்.”

டெல்ரிக் அவன் தோளில் கை வைத்து, “நீ ஒருத்தன்தான் உண்மையைச் சொன்னே, கேப்டன்,” என்றான்.

அன்று அவன் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு இஸ்திரிச் சட்டைக்காரன் பாதியிலேயே எழுந்து போனான். தன் பெட்டியைத் திறக்காமலே ஊர் திரும்பினான் என்று பிறகு தெரிந்தது.

அதற்குப் பிறகு ஜெயித்துக்கொண்டே போனார்கள். டெல்ரிக் வளையத்துக்குக் கீழே நின்றால் எதிரணியில் நாலு பேர் சேர்ந்து தள்ள வேண்டியிருந்தது. சித்ரோ அவனுக்குப் பந்தைக் கொடுத்துவிட்டு ஓடுவான். பந்து திரும்பி வரும், வருகிற இடத்தில் சித்ரோ இருப்பான். பத்து வருடம் சேர்ந்து ஆடியவர்கள்போல் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் டெல்ரிக் சித்ரோ வீட்டுக்குச் சாப்பிட வருவான். வாசற்படியில் தலை இடிக்காமல் குனிவதற்குக் கற்றுக்கொண்டான். புளிப்புச் சூப்பைச் சோற்றில் ஊற்றிக் குழைத்து அடிப்பான். சித்ரோவின் மனைவி அவனுக்கென்று தனியாக ஒரு சட்டி வாங்கினாள்.

அரையிறுதியின் கடைசி ஆட்டத்தில் ஒருவன் தோள்மேல் விழுந்து, அங்கிருந்து தரையில் விழுந்தான் டெல்ரிக். எழுந்து ஆடினான். ஜெயித்தார்கள். மறுநாள் காலையில் அவனால் செருப்பு மாட்டக் குனிய முடியவில்லை. இடுப்பிலிருந்து வலது கால் வழியே கட்டைவிரல்வரை சுள்ளென்று இழுப்பதாகச் சொன்னான்.

அனலின் காலைத் தூக்கிப் பார்த்தாள், ஊசி நுனியால் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, ஆட்டம் இல்லாத நேரமெல்லாம் மட்டமாகப் படுத்தே இருக்க வேண்டும் என்றாள். பாரம் தூக்கவே கூடாது. இறுதிச் சுற்று முடியும்வரை அப்படியாவது தாங்குமா என்று கோச் கேட்டார். தாங்கலாம் என்றாள். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

இறுதிச் சுற்று கபித்தான் சோப்பு அணியோடு. ஏழு ஆட்டத்தில் நாலு ஜெயித்தவனுக்குக் கோப்பை. டெல்ரிக் பயிற்சிக் கூடத் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பான். ஆட்டத்தன்று நாலு பேர் கைகொடுத்து எழுப்புவார்கள். ஆடிவிட்டு வந்து மறுபடி படுத்துவிடுவான். நடக்கும்போது உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதைப் பார்த்து பிக்பாய் அவனுக்குப் ‘பைசா கோபுரம்’ என்று பெயர் வைத்தான். டெல்ரிக்குக்கே அது பிடித்திருந்தது. அப்படிச் சாய்ந்தபடியே மூன்று ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்தான். இரண்டு தோற்றார்கள். இன்னும் ஒன்று போதும்.

ஆறாவது ஆட்டத்துக்கு முந்தின நாள் பிற்பகல் லீக்கிலிருந்து தகவல் வந்தது. கபித்தான் சோப்பு ஆட்சேபம் கொடுத்திருக்கிறது. இறக்குமதியை மறுபடி அளக்க வேண்டும். இறுதிச் சுற்றில் ஒரு முறை அப்படிக் கேட்க எந்த அணிக்கும் உரிமை உண்டு. கோட்டைத் தாண்டினால் அவன் ஆடி ஜெயித்த ஆட்டமெல்லாம் தள்ளுபடி. அவர்கள் தந்திரமாகக் கேட்டிருந்தார்கள். அளப்பது காலை எட்டு மணிக்கு. தூங்கி எழுந்த மனிதன் முழு உயரத்தில் இருக்கிற நேரம்.

“ரெண்டு வாரமா படுத்தே கிடக்கான்,” என்றார் கோச் உபால்டோ. “ஊறிப் போயிருப்பான். அரை அங்குலமா, முக்கால் அங்குலம்கூட ஏறியிருப்பான்.”

எல்லாரும் அதை நம்பினார்கள். சித்ரோவும் நம்பினான். டெல்ரிக் அவர்கள் மனதில் எப்போதும் அரை அங்குலம் அதிகமான ஆள்.

கோச் அனலினைக் கேட்டார். ஓர் இரவு முழுக்க நின்றால், அதுவும் பாரத்தோடு, அந்தக் காலுக்கு உணர்வு திரும்பாமலே போகலாம் என்றாள் அவள். எத்தனை சதவீதம் என்றார் கோச். இதில் சதவீதம் சொல்ல முடியாது என்றாள். கோச் தலையாட்டிவிட்டு, நாளைக்கு உனக்கு நிறைய வேலை இருக்கு, இன்றைக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போ என்று அவளை அனுப்பினார். அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள். எதற்கு என்று கேட்கவில்லை.

அவள் போனதும் கோச் சித்ரோவிடம், “நான் சொன்னா அவன் யோசிப்பான்,” என்றார். “நீ சொன்னா செய்வான். உனக்கும்தான் இது கடைசி.”

சித்ரோ போய்ப் பாய் அருகே தரையில் உட்கார்ந்தான். டெல்ரிக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். நெஞ்சின் மேல் போன். மகளோடு பேசி முடித்திருந்தான்.

சித்ரோ விஷயத்தைச் சொன்னான். ஆட்சேபம், காலை எட்டு மணி, தள்ளுபடி. டெல்ரிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“மறுபடியும் கம்பியா?” என்றான்.

“மறுபடியும் கம்பிதான்.”

“இந்த முதுகோடயா?”

“ஒரு ராத்திரி, டெல்.”

டெல்ரிக் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தான். “அனலின் என்ன சொன்னா?”

கிடங்கில் யாரோ பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். டப்பாக்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் வந்தது. சித்ரோவுக்கு அந்தக் கல்யாண வீட்டுத் தடுமாற்றம் நினைவுக்கு வந்தது.

“பரவாயில்லைன்னு சொன்னா,” என்றான். “ஒரு ராத்திரிதானே, தாங்கும்னா.”

“அவளே சொன்னாளா?”

“அவளேதான்.”

டெல்ரிக் இரண்டு கைகளையும் மேலே நீட்டினான். “அப்ப எழுப்பி விடு, கேப்டன். நீ சொன்னா சரி.”

சித்ரோ எழுப்பி விட்டான். அந்த இரவு டெல்ரிக் பாடவில்லை. கம்பியோடு மூன்று சுற்று நடந்ததும் வாந்தி எடுத்தான். பிக்பாய் துடைத்துவிட்டான். பெஞ்சிலிருந்து குதிக்கச் சொன்னபோது குதித்தான், விழுந்தான், மறுபடி ஏறினான். விடியும் முன் வலது பாதம் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை என்றான். கீழே பார்த்துக்கொள் என்றான் சித்ரோ.

எட்டு மணிக்கு லீக் அலுவலகம் நிறைந்திருந்தது. கபித்தான் சோப்பின் மேலாளர் புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வந்து டெல்ரிக்கைப் பலகையோடு நிறுத்தினார்கள். அவன் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. அதிகாரி மரக்கட்டையை இறக்கினார். கட்டை கோட்டுக்கு வந்தது. கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கியது. இன்னும் இறங்கியது. பிறகுதான் மண்டையில் தட்டியது.

கோட்டுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற இடம் இருந்தது.

“நேரா நில்லுப்பா,” என்றார் அதிகாரி.

“நேராத்தான் நிக்கிறேன்,” என்றான் டெல்ரிக்.

அதிகாரி அவன் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார், குதிகாலைப் பார்த்தார். மறுபடி அளந்தார். அதே இடம். மத்திக்காரர்கள் சத்தமாகச் சிரித்தார்கள். பிக்பாய் சோப்பு மேலாளரிடம் போய், ரொம்பத் தேய்ச்சுக் குளிப்பாட்டினோம் சார், சோப்பு மாதிரி கரைஞ்சு போயிட்டான் என்றான். மேலாளர் வெளியேறினார்.

அனலின் தரையில் உட்கார்ந்து டெல்ரிக்குக்குச் சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். அவனால் குனிய முடியாது. அவள் தலைக்கு மேலிருந்து அவன் சொன்னான், “தேங்க்ஸ், அனலின். நீ பரவாயில்லைன்னு சொன்னியாமே. அந்தத் தைரியத்துலதான் நின்னேன்.”

அவள் கை நின்றது. நிமிர்ந்து சித்ரோவைப் பார்த்தாள். அவள் வாய் திறப்பாள் என்று சித்ரோ காத்திருந்தான். அவள் மறுபடி குனிந்து சாக்ஸை மேலே இழுத்துவிட்டாள்.

நடைபாதையில் சித்ரோவைக் கடந்து போகும்போதுதான் நின்றாள்.

“ஒண்ணு சொல்லட்டுமாண்ணே? அவரு ராத்திரி நல்லாத் தூங்கி எந்திரிச்சு வந்திருந்தாலும் பாஸ் ஆயிருப்பாரு. அந்த டிஸ்க் போன வாரமே நசுங்கிடுச்சு. உடம்பும் சாஞ்சு போச்சு. ரெண்டும் சேர்ந்து ஒரு அங்குலம் அப்பவே குறைஞ்சாச்சு. யாராவது ஒரு டேப்பை வச்சுப் பார்த்திருந்தா போதும்.”

“நீ பார்த்திருக்கலாமே,” என்றான் சித்ரோ.

“பார்த்திருக்கலாம்,” என்றாள். “சாயங்காலம் ஊசி போடச் சொல்லியிருக்காரு கோச். வலி தெரியாம இருக்க.”

“போடுவியா?”

அவள் அவன் கழுத்துக்குக் கீழே எங்கோ பார்த்தாள். “இதை நீங்களா கேக்கறீங்க,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் ஊசி போட்டாள். ஆட்டம் தொடங்கும் முன் எல்லாரும் வட்டமாக நின்று தோளில் கை போட்டு ஜபித்தார்கள். டெல்ரிக்கின் கை சித்ரோவின் தோளில் இருந்தது. அது அன்பு மட்டுமல்ல, அவன் முழுப் பாரத்தையும் அந்தத் தோள் தாங்கிக்கொண்டிருந்தது.

அவனுக்கு வலி இல்லை. பாதமும் இல்லை. ஓடும்போது வலது ஷூவின் முனை தரையில் உராய்ந்து ஒரு சத்தம் வந்தது. முதல் பாதியில் கூட்டத்தின் இரைச்சலில் அது கேட்கவில்லை. மூன்றாம் கால்பகுதியில் எதிரணியினர் அதைப் புரிந்துகொண்டு, அவன் வலது பக்கமாகவே பந்தைக் கொண்டுபோனார்கள். அவன் கையால் தடுத்தான், மார்பால் தடுத்தான். ஒரு முறை விழுந்து கிடந்தபடியே ஒருவன் காலடியிலிருந்து பந்தைத் தட்டிவிட்டான். மேல் வரிசைக்காரர்கள் கோபத்தில் நாணயங்களை வீசினார்கள். எந்த அணிக்காக வீசுகிறார்கள் என்று தெரியவில்லை.

கடைசி நொடிகளில் புள்ளிக் கணக்கு சமமாக இருந்தது. கபித்தான் சோப்பு எறிந்த பந்து வளையத்தில் பட்டு எகிறியது. டெல்ரிக் இடது காலால் மட்டும் எம்பி அதைப் பிடித்தான். வலது காலில் இறங்கினான். அந்தக் கால் அங்கே இல்லாததுபோல் மடங்கியது. உடைகிற சத்தம் இல்லை. துணி மூட்டை விழுவதுபோல விழுந்தான். விழுந்த இடத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்து, பந்தைச் சித்ரோவிடம் எறிந்தான்.

“ஓடு,” என்றான்.

நடுவர் விசில் ஊதவில்லை. அணியிடம் ஒரு டைம்-அவுட் மீதமிருந்தது. பந்து கையில் இருக்கிறவன் கேட்டால் ஆட்டத்தை நிறுத்துவார்கள்; வைத்தியர் உள்ளே வரலாம். சித்ரோ திரும்பிப் பார்த்தான். டெல்ரிக்கின் இரண்டு கால்களும் ஒரே பக்கமாகக் கிடந்தன. அவன் அவற்றைக் கையால் நகர்த்தப் பார்த்துக்கொண்டிருந்தான். எதிரணியில் இரண்டு பேர் அதைப் பார்த்து நின்றுவிட்டார்கள். அதனால் முன்னால் வழி திறந்திருந்தது.

சித்ரோ ஓடினான். பதினைந்து வருடமாக வலித்த முழங்கால்கள் அன்று வலிக்கவில்லை. எம்பி, கண்ணாடிப் பலகையில் மெதுவாகப் பந்தை வைத்தான். அது வளையத்துக்குள் விழுந்தது. மணி ஒலித்தது.

அதற்குப் பிறகு யார் யார் மேலோ விழுந்தார்கள். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். அது அவன் நினைத்ததைவிடக் கனம் குறைவாக இருந்தது. தோள்களின் உயரத்திலிருந்து பார்த்தபோது, அரங்கின் மறுகோடியில் அனலின் மண்டியிட்டிருந்தாள். நடுவில் கொண்டாடிக்கொண்டிருந்தவர்கள் டெல்ரிக்கைத் தாண்டித் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்கள். அவன் படுத்தபடியே, தலைக்கு மேல் கைகளைத் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தான்.

மறுவாரம் வெற்றி ஊர்வலம். கம்பெனி ஒரு லாரியை மத்தி டப்பாபோல அலங்கரித்திருந்தது. மூடி பாதி திறந்த டப்பா. உள்ளே ஆட்டக்காரர்கள் நின்றார்கள். எட்சா சாலையில் பாதியை அடைத்துவிட்டார்கள். மீதிப் பாதியில் வண்டிகள் நகர இடமில்லாமல் நின்றன. சித்ரோ டப்பாவின் விளிம்பில் கோப்பையோடு நின்றான். அடுத்த சீசனிலிருந்து அவன் உதவிக் கோச் என்று காலையில்தான் அறிவித்திருந்தார்கள். மேடையில் அறிமுகப்படுத்தியவர் பெயரைச் சொன்னதும் தடுமாறவில்லை. சாம்பியன் என்றார்.

“அண்ணே,” என்றான் பிக்பாய். “அது நம்ம வேன் இல்ல?”

நெரிசலில் சிக்கிய வண்டிகளுக்கு நடுவே அணியின் வெள்ளை வேன் நின்றது. டிரைவர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோய், கதவில் கை ஊன்றிக்கொண்டிருந்தான். டெல்ரிக்கை ஆஸ்பத்திரியிலிருந்து விமான நிலையத்துக்குக் கொண்டுபோகிற வேன். இருக்கைகளைக் கழற்றிவிட்டு அவனைப் படுக்க வைத்திருந்தார்கள். அவனுக்கு வேன் நீளம் போதவில்லை. பின் கண்ணாடியில் இரண்டு பாதங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. வெள்ளைச் சாக்ஸ் போட்ட பெரிய பாதங்கள்.

ஊர்வலத்தின் பேண்டு வாசித்தது. படுத்திருப்பவனுக்குச் சத்தம் கேட்டிருக்கும். இடது பாதம் தாளத்துக்குக் கண்ணாடியைத் தட்டியது. வலது பாதம் அப்படியே இருந்தது.

பக்கத்தில் அனலின் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாக டப்பாவைப் பார்த்தாள். கையசைக்கவில்லை.

பிக்பாய் அந்தப் பாதங்களைப் பார்த்தான். அதற்குக் கேலிப் பெயர் எதுவும் வைக்கவில்லை.

“அடுத்த வருஷம் எவன் வந்தாலும் முதல்ல டேப்பை வச்சு அளந்து பார்த்துடணும்ணே,” என்றான் பிறகு. “சும்மா ராத்திரி பூரா நிக்க வச்சுட்டோம்.”

“ஆமா,” என்றான் சித்ரோ. “முதல்ல அளக்கணும்.”

கீழே கூட்டம் கோப்பையைக் காட்டச் சொல்லிக் கத்தியது. அவன் இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினான்.